அடியாளுக்கு பென்ஷன் கிடையாது

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். டூட்டி முடிச்சு, டீயோட உட்கார்ந்து எழுதுறேன். நீங்களும் அப்படியே படிங்க.

போன மாதம் ஒரு பையன் ஓ.பி.க்கு வந்தான். வயசு இருபதை ஒட்டி இருக்கும். கையில ஒரு பாரம். "சார், ஃபிட்னஸ்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. கம்பெனியில கேக்குறாங்க."

வலது கையை நீட்டச் சொன்னேன். நீட்டினான். மடக்கச் சொன்னேன். நடுவிரலும் மோதிர விரலும் பாதியிலேயே நின்னுடுச்சு.

2/
அந்தக் கையை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

ஒரு வருஷத்துக்கு முன்னாடி, நைட் டூட்டி. துண்டை சுத்திக்கிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட ரெண்டு பேர் கூட்டிட்டு வந்தாங்க. "கண்ணாடி குத்திடுச்சு சார்." கேஷுவாலிட்டியில ஆறு மாசம் வேலை பார்த்த எந்த டாக்டரும் அதை நம்ப மாட்டார். நாலு விரல்லயும் ஒரே கோட்டுல வெட்டு. ஓங்கி வந்த கத்தியை கையால பிடிச்சா மட்டும்தான் அப்படி விழும். விபத்துப் பதிவேட்டுல எழுதி, போலீஸுக்கு தகவல் அனுப்பி, தையல் போட முடியாத நரம்பு வெட்டுங்கிறதால சென்னைக்கு ரெஃபர் பண்ணினேன்.

3/
ஆம்புலன்ஸுக்காக காத்திருக்கும்போது அவன் போன் அடிச்சுக்கிட்டே இருந்தது. ஸ்க்ரீன்ல மாலை போட்ட ஒரு போட்டோ. மீசை, வெள்ளைச் சட்டை.

"யாரு தம்பி, அப்பாவா?"

"இல்ல சார். காஞ்சிபுரத்து அண்ணன். பெரிய கை."

அந்த 'அண்ணன்' செத்தப்ப இந்தப் பையன் ஆறாவதோ ஏழாவதோ படிச்சிருப்பான். பார்த்ததே கிடையாது. ஆனா அவருக்காக இவன் கை போயிருக்கு. அந்தப் பெரிய கையோட கதையைத்தான் இன்னைக்கு சொல்லப் போறேன்.

(பையனோட அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.)

4/
அதுக்கு முன்னாடி நம்ம ஊர்.

ஸ்ரீபெரும்புதூர்னா ஒரு தலைமுறைக்கு ராமானுஜர் பிறந்த ஊர். இன்னொரு தலைமுறைக்கு 1991 மே 21, ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். எங்க தலைமுறைக்கு ஷிப்ட் பஸ் ஊர். ஏரிப் பாசனமும் நெல்லுமா இருந்த பகுதி. 1996ல ஹூண்டாய் வந்தது. 1998ல இருங்காட்டுக்கோட்டையில இருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. 2006ல நோக்கியா. வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும், ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோவில் ரோடும் வெட்டிக்கிற இடத்துல ஒரு சின்ன ஊர், ஒரகடம். 2010ல ரெனோ–நிசான் அங்க வந்தது. 2013ல ராயல் என்ஃபீல்டு.

5/
இப்போ ஒரு கணக்கு போடுங்க. நேத்து வரைக்கும் சென்ட் கணக்குல யாரும் பேசாத நிலம். மழை இல்லேன்னா தரிசு. திடீர்னு பக்கத்துல சிப்காட் போர்டு வருது. அப்பா பேர்ல பட்டா, அண்ணன் தம்பி நாலு பேர், பாகம் பிரிக்கல, ஒரு அக்காவுக்குக் கல்யாணத்தப்ப வாய்மொழியா சொன்ன பங்கு. இந்த மாதிரி சிக்கல் இல்லாத குடும்பம் எது?

வாங்க வர்றவருக்கு இந்தச் சிக்கல் எல்லாம் வேண்டாம். அவருக்கு 'க்ளியரா' வேணும். கோர்ட்டுக்குப் போனா இருபது வருஷம். அப்போ, இதை ரெண்டு மாசத்துல முடிச்சுக் கொடுக்க ஒரு ஆள் தேவைப்படுது இல்லையா?

அந்த இடத்துலதான் அடியாள் உள்ளே வர்றான்.

6/
ஸ்ரீதர் தனபால். காஞ்சிபுரத்தை ஒட்டி இருக்கிற திருப்பருத்திக்குன்றம். பழமையான சமணக் கோவிலுக்குப் பேர் போன ஊர். பின்னாடி செய்திகள்ல 'காஞ்சிபுரம் தாதா'ன்னு எழுதினாங்க. ஆரம்பம் தாதா எல்லாம் கிடையாது. சாராயம்.

1991ல ஜெயலலிதா அரசு மலிவு விலை மதுவை நிறுத்தியது. குடிக்கிறவன் நிறுத்தல. சட்டப்படி சாராயம் இல்லாத இடத்துல கள்ளச்சாராயம் ஓடியது. அந்த வியாபாரத்துல பெரிய ஆளா இருந்த ஒருத்தர்கிட்ட ஸ்ரீதர் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அவருக்கே மருமகனும் ஆனார்.

7/
கள்ளச்சாராயத் தொழிலை ஒரு டாக்டரா பார்த்தா ஒரு விஷயம் புரியும். இந்தத் தொழில்ல பத்திரம் கிடையாது, பில் கிடையாது, கோர்ட்டுக்குப் போக முடியாது. கடன் வாங்கினவன் தரலேன்னா கேஸ் போட முடியாது. அதனால ஒப்பந்தத்தை காப்பாத்துறது பயம் மட்டும்தான். அந்தப் பயத்தை சப்ளை பண்றவன்தான் அடியாள்.

சரக்கு எதுவா இருந்தாலும், அவன் விக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். பயம். அதனாலதான் சரக்கு மாறினாலும் அவன் தொழில் மாறுறதில்ல.

8/
2003 கடைசியில டாஸ்மாக் சில்லறை விற்பனையை முழுசா கையில எடுத்துச்சு. ஊருக்கு ஊர் அரசு கடை. கள்ளச்சாராயத்துல இருந்த லாபம் குறைய ஆரம்பிச்ச அதே காலத்துலதான் இந்தப் பக்கம் நிலத்தோட விலை ஏற ஆரம்பிச்சது. பயத்துக்குப் புது மார்க்கெட் கிடைச்சது.

எப்படி நடக்கும்னு இந்தப் பக்கம் பெரியவங்களைக் கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டு சொல்வாங்க. முதல்ல நாலு பைக் வீட்டு வாசல்ல நிக்கும். யாரும் திட்ட மாட்டாங்க. "அய்யா, அந்த ஏரிக்கரை நிலம் விக்கிற மாதிரி இருக்கா?" அடுத்த வாரம் பேரன் படிக்கிற ஸ்கூல் பேரைச் சொல்லுவாங்க. அவ்வளவுதான். சின்னதா ஒரு அட்வான்ஸ், ஒரு பவர் பத்திரம். பவர் வாங்கினவர் இன்னொருத்தருக்கு விப்பார், அவர் இன்னொருத்தருக்கு. மூணாவது கைக்குப் போகும்போது வில்லங்க சான்றிதழ் பளிச்சுன்னு இருக்கும்.

9/
இதுல ஒண்ணைக் கவனிங்க. முதல் கை மட்டும்தான் ரவுடி. மூணாவது கை இஸ்திரி போட்ட சட்டை. அவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டார். நல்ல விலைக்கு வித்துட்டு நல்ல ஸ்கூல்ல பிள்ளையைச் சேர்ப்பார்.

இந்த மாதிரி புகார்கள் தமிழ்நாடு முழுக்கக் குவிஞ்சதாலதான் 2011ல மாவட்டத்துக்கு மாவட்டம் நில அபகரிப்பு தடுப்பு சிறப்புப் பிரிவுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. சிறப்புப் பிரிவே தேவைப்பட்டதுன்னா நோய் எவ்வளவு பரவியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

10/
ஸ்ரீதர் மேல 40க்கு மேல வழக்குகள், அதுல 7 கொலை வழக்கு. ஆள் கடத்தல், மிரட்டல், நிலம். இது எல்லாம் வழக்குகள்தான், தீர்ப்புகள் இல்ல. விசாரணை முடியறதுக்குள்ள அவர் போய்ச் சேர்ந்துட்டார். ஒரு டாக்டரா நான் 'நோய் சந்தேகம்', 'நோய் உறுதி' ரெண்டையும் கலக்க மாட்டேன். இங்கேயும் கலக்கல.

ஆனா வழக்குக் கட்டுல இல்லாத ஒரு கணக்கு இருக்கு. புகார் கொடுக்காம நிலத்தை எழுதிக் கொடுத்துட்டு, அதே நிலத்துல வந்த கம்பெனிக்கு செக்யூரிட்டியா வேலைக்குப் போனவங்க. அவங்களுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க எங்ககிட்டதான் வர்றாங்க.

11/
இங்க ஒரு நிமிஷம் உலகத்தோட அந்தப் பக்கம் போயிட்டு வரலாம்.

நம்ம ஒரகடத்துல செய்யற புல்லட்ல ஸ்டைலா போறதைப் பார்த்து, 'பைக்கர் கேங்' படம் போட்ட டீ-ஷர்ட் போட்டுட்டு சுத்துற தம்பிகளை தினமும் பார்க்கிறேன். அந்தப் படத்துக்குப் பின்னாடி ஒரு நிஜக் கதை இருக்கு. 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்'னு ஒரு பைக் கிளப், 1948ல கலிஃபோர்னியாவில் தொடங்கினது. 1977 டிசம்பர்ல கனடாவில் முதல் கிளை. அந்தக் கிளையோட பெரிய அடியாள் பேர் இவ் ட்ரூடோ. கிளப் கை காட்டினவனை முடிக்கிறதுதான் வேலை. பின்னாடி அவரே ஒத்துக்கிட்ட கணக்கு 43 உயிர்.

12/
அப்படிப்பட்ட ஆளுக்கு கிளப் என்ன செஞ்சது தெரியுமா?

1985 மார்ச். ட்ரூடோ போதைப் பழக்கத்துல இருந்து மீள ஒரு சிகிச்சை மையத்துல இருந்தார். அந்த நேரத்துல, கியூபெக்ல லெனாக்ஸ்வில்னு ஒரு ஊர்ல, அவரோட கிளையைச் சேர்ந்த 5 பேரை சொந்த கிளப்காரங்களே கூப்பிட்டு வச்சு சுட்டுட்டாங்க. உடல்களை ஸ்லீப்பிங் பேக்ல கட்டி, எடை சேர்த்து, ஆத்துல போட்டாங்க. காரணம்? 'ரொம்ப போதை, ரொம்பத் தொந்தரவு.' அவர் பேரும் அந்தப் பட்டியல்ல இருந்தது. ஆஸ்பத்திரியில படுத்திருந்ததால தப்பிச்சார். பின்னாடி அப்ரூவர் ஆனார். 1994ல வேற பேர்ல வெளியே வந்தார். 2004ல ஒரு சிறுவனை பாலியல் வன்கொடுமை செஞ்ச குற்றத்துக்கு மறுபடி ஜெயில். 2008ல புற்றுநோயில செத்தார்.

13/
43 பேரை கிளப்புக்காகக் கொன்னவனுக்கு கிளப் கொடுத்த பென்ஷன் அதுதான்.

இதை ஏன் சொல்றேன்னா, நம்ம ஊர் சினிமாவில 'தலைவனுக்காக உயிரையே கொடுப்பான்'னு காட்டுவாங்க. கொடுப்பான், உண்மைதான். திரும்ப யாரும் எதுவும் கொடுக்க மாட்டாங்க. அடியாள் தேவைப்படுற வரைக்கும் சொத்து, தேவை முடிஞ்ச அன்னைக்கு சாட்சி. சாட்சியை யாரும் உயிரோட விரும்புறதில்ல.

14/
சரி, காஞ்சிபுரத்துக்கு வருவோம்.

போலீஸ் நெருக்கடி முத்தினப்ப ஸ்ரீதர் வெளிநாட்டுக்குப் போயிட்டார். துபாய்ல இருக்கார்னு செய்தி. அங்க இருந்தே போன்ல மிரட்டுறார்னு புகார்கள் வந்தன. யோசிச்சுப் பாருங்க, வாசல்ல நாலு பைக் நிக்கக்கூட வேண்டாம், ஒரு வெளிநாட்டு நம்பர் அடிச்சா போதும். பயம் அந்த அளவுக்கு ஊறியிருந்தது.

இங்க தேடப்படும் குற்றவாளின்னு அறிவிச்சாங்க. சர்வதேச அளவுல தேடுதல் போனது.

15/
ஆனா அவரை முறிச்சது துப்பாக்கி இல்ல. ஃபைல்.

அமலாக்கத் துறை உள்ளே வந்தது. பணமோசடி தடுப்புச் சட்டம் 2002ல போட்டது, 2005ல நடைமுறைக்கு வந்தது. அதுல ஒரு விஷயம்: குற்றத்துல வந்த சொத்துன்னு தெரிஞ்சா வழக்கு முடியறதுக்கு முன்னாடியே முடக்கலாம். அவர் சம்பந்தப்பட்ட சொத்துகளை, சுமார் 150 கோடி ரூபாய் மதிப்புன்னு செய்திகள் சொன்ன சொத்துகளை, முடக்கினாங்க.

சொத்து அங்கேயேதான் இருக்கும். விக்க முடியாது. மாத்த முடியாது. அதை வச்சு வக்கீலுக்குக் கொடுக்க முடியாது, பசங்களுக்குக் கொடுக்க முடியாது. பசங்களுக்குக் கொடுக்கலேன்னா பசங்க இருக்க மாட்டாங்க.

16/
2017 அக்டோபர் 4. கம்போடியா. சயனைடு சாப்பிட்டு ஸ்ரீதர் இறந்துட்டார்னு தகவல் வந்தது.

எம்.பி.பி.எஸ். ரெண்டாம் வருஷம் தடயவியல் மருத்துவத்துல சயனைடு பத்திப் படிப்போம். ரத்தத்துல ஆக்சிஜன் நிறைய இருக்கும். ஆனா செல்லால அதைப் பயன்படுத்த முடியாது. எல்லாம் இருந்தும் எதுவும் உதவாம உடம்பு மூச்சுத் திணறிப் போகும். முடக்கப்பட்ட சொத்தைப் பத்திப் படிச்சப்ப எனக்கு அந்த வகுப்புதான் ஞாபகம் வந்தது.

17/
உடல் சில நாள் கழிச்சு ஊர் வந்தது. போலீஸ் பாதுகாப்போட இறுதிச் சடங்கு. பயந்துக்கிட்டே வாழ்ந்த சிலர் அன்னைக்கு ராத்திரிதான் நிம்மதியா தூங்கியிருப்பாங்க.

அதோட முடிஞ்சதா? இல்ல. அந்த நாற்காலி காலியா இருக்கில்ல. அவருக்கு நெருக்கமா இருந்தவங்களே ரெண்டு பிரிவாப் பிரிஞ்சாங்க. அடுத்த சில வருஷம் காஞ்சிபுரத்துல பழிக்குப் பழியா கொலைகள். செத்தவங்கள்ல பலர் இருபதுகள்ல இருந்தவங்க. நாங்க போஸ்ட்மார்ட்டம்னு சொல்றது, அவங்க அம்மாவுக்கு அது பிள்ளையைக் கடைசியா ஒப்படைக்கிற இடம்.

18/
இதுக்கு நடுவுல இந்தப் பக்கம் சரக்கு மறுபடி மாறிடுச்சு. சாராயம் போய் நிலம், நிலம் போய் ஸ்கிராப்.

கம்பெனியில இருந்து தினமும் வெளியே போற இரும்புத் துகள், மரப் பலகை, அட்டைப்பெட்டி, ட்ரம். நமக்குக் குப்பை. டன் கணக்குல போனா காசு. யார் எடுக்கிறதுங்கிற காண்ட்ராக்ட்ல அதே நாலு பைக். அதோட தண்ணி லாரி, ஆள் சப்ளை, வேன். ஒருத்தன் ரேட் சொன்னா இன்னொருத்தன் டெண்டர் பக்கமே வரக்கூடாது. புகார்கள் பெருசாகி, போலீஸ் இறங்கினதும், 2022 ஜனவரியில இந்தப் பக்கத்துல பேர் அடிபட்ட ஒருத்தர் சைதாப்பேட்டை கோர்ட்ல சரணடைஞ்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

19/
தமிழ்நாட்டுல குண்டர் சட்டம் 1982ல இருந்து இருக்கு. ஒருத்தரை அதிகபட்சம் 12 மாசம் உள்ளே வைக்கலாம். நோயாளியைத் தனி வார்டுல வைக்கிற மாதிரி. அவசரத்துக்குத் தேவைதான். ஆனா தண்ணித் தொட்டியைச் சுத்தம் பண்ணாம காலரா நோயாளியை மட்டும் தனியா வச்சா என்ன ஆகும்? அடுத்த வாரம் அடுத்த நோயாளி.

தொட்டி எதுன்னு இப்போ உங்களுக்கே தெரியும். பாகம் பிரியாத நிலம், இருபது வருஷ வழக்கு, கேள்வி கேக்காம வாங்குற மூணாவது கை, யாருக்குப் போகுதுன்னு பார்க்காத ஸ்கிராப் காண்ட்ராக்ட், வாசல்ல கம்பெனி இருந்தும் ட்ரெய்னி, காண்ட்ராக்ட்னு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே நிக்கிற பையன்.

20/
அந்தப் பையன்கிட்டயே வர்றேன்.

அவன் 'சம்பவத்துக்கு' எல்லாம் போகல. "சும்மா கூட வா"ன்னு கூப்பிட்டாங்க. ஒரு யார்டு வாசல்ல லாரியை மறிச்சு நிக்கணும், அவ்வளவுதான். எதிர்ப் பக்கம் இருந்து கத்தி வந்தது. கையை நீட்டினான். அன்னைக்கு அவனுக்குக் கொடுக்கிறதா சொன்ன காசு 2,000 ரூபாய். அதையும் கொடுக்கல.

ஆஸ்பத்திரியில இருந்த நாள்ல கூப்பிட்டுப் போன 'அண்ணன்' ஒரு தடவைகூட வரல. நம்பரை பிளாக் பண்ணிட்டார். கூட இருந்தது கேன்டீன்ல பாத்திரம் கழுவுற அவங்க அம்மா. சம்பளம் பிடிச்சாலும் பரவாயில்லைன்னு லீவு போட்டு வந்து உட்கார்ந்திருந்தாங்க.

21/
கை மருத்துவத்துல ஒரு பகுதி இருக்கு. உள்ளங்கை கோட்டுல இருந்து விரலோட நடு எலும்பு வரைக்கும். அங்க, ஒரே குறுகலான உறைக்குள்ள ரெண்டு தசைநாண் ஓடும். வெட்டுப்பட்டா சேர்த்துத் தைச்சாலும் உறையோட ஒட்டிக்கும், விரல் மடங்காது. அந்தக் காலத்து சர்ஜன்கள் அதுக்கு வச்ச பேரைத் தமிழ்ல சொன்னா, 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்'.

நிலத்துக்காக ஆரம்பிச்ச கதையில இவன் வெட்டுப்பட்டது அந்த நிலத்துல.

22/
இன்னொண்ணும் சொல்லணும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில கை அறுவை சிகிச்சைக்குன்னே தனித் துறை இருக்கு. டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கினது, நாட்டுக்கே முன்மாதிரி. பைசா வாங்காம தைச்சு விட்டாங்க. அதுக்கப்புறம் ஸ்ப்ளின்ட், மாசக்கணக்குல பிசியோதெரபி. இவன் ரெண்டு வாரத்துக்கு அப்புறம் பிசியோவுக்குப் போகல. ஏன்னு கேட்டேன். "பஸ்ஸுக்குக் காசு இல்ல சார். அம்மாகிட்ட கேக்கவும் கூச்சமா இருந்துச்சு."

கத்தி பாதியை எடுத்துச்சு. அந்தப் பஸ் காசு மீதியை எடுத்துச்சு.

23/
அந்தப் பாரத்துல நான் என்ன எழுதினேன்னு கேட்பீங்க.

பிரஸ் மெஷின் வேலை. வலது கை ஒரு நொடி தாமதிச்சா மிச்ச விரலும் போகும். 'ஃபிட்'னு எழுத முடியல. எழுதியிருந்தா அவன் கண்ணுக்கு நான் நல்ல டாக்டர், மெஷினுக்கு நான் கூட்டாளி. பளு இல்லாத வேலைக்குத் தகுதின்னு எழுதினேன். அவன் பேப்பரைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல. கம்பெனி அந்தப் பேப்பரோட எடுக்கலேன்னு பின்னாடி தெரிஞ்சது.

ஒட்டிக்கிட்ட தசைநாணைப் பிரிச்சு விட இன்னொரு ஆபரேஷன் செய்யலாம். ஸ்டான்லிக்கு மறுபடி எழுதிக் கொடுத்திருக்கேன். இந்தத் தடவை பிசியோவுக்குப் போகப் பஸ் செலவை எங்க ஸ்டாஃப் ரூம்ல நாலு பேர் பார்த்துக்கிறோம். பெரிய தியாகம் எல்லாம் இல்ல. ஒரு பிரியாணி காசு.

24/
போகும்போது போனை எடுத்தான். மாலை போட்ட போட்டோ இல்ல. இப்போ அவங்க அம்மா போட்டோ. நான் எதுவும் கேக்கல.

வெளியே பைக்கை ஸ்டார்ட் பண்ணும்போது ஜன்னல் வழியா பார்த்தேன். முன் பிரேக் வலது கைலதானே? ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் மட்டும் லீவரைப் பிடிச்சிருந்தது. கத்திச் சொன்னேன், "தம்பி, மெதுவாப் போ. ஹெல்மெட்!"

25/
இந்தக் கதையில இருந்து எடுத்துக்க வேண்டியது மூணே மூணு.

நிலம் வச்சிருக்கிறவங்க: பெரியவங்க இருக்கும்போதே பாகத்தைப் பிரிச்சுப் பதிவு பண்ணிடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வில்லங்கம் போட்டுப் பாருங்க. யாருக்கும் பொதுவா பவர் எழுதிக் கொடுக்காதீங்க.

நிலம் வாங்குறவங்க: விலை ரொம்பக் கம்மியா இருந்தா, ஏன்னு முதல் ஓனரைத் தேடிப் போய்க் கேளுங்க. அவர் கண்ணைப் பார்த்தா தெரிஞ்சிடும்.

தம்பிகளா: "சும்மா கூட வா"ன்னு யாராவது கூப்பிட்டா, "என் கை போனா பிசியோவுக்கு யார் கூட்டிட்டுப் போவா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பதில் வராது.

மனசு ரொம்ப பாரமா இருந்தா, செத்துடலாமான்னு தோணினா, 104 அல்லது 14416க்குக் கூப்பிடுங்க. எந்த நேரமும் கூப்பிடலாம்.

நாளைக்கு மறுபடி நைட் டூட்டி.